புகைக்கொடியைத் தேடியவர்கள்

அவைத்தலைவர் அவர்களே, இலக்கிய வட்டத்தின் பத்தாண்டுப் பணியைப் போற்றுதற்கு எம். புதுப்பட்டியில் கூடியிருக்கும் ஆன்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே!

இலக்கிய விழாவில் வானியலுக்கு என்ன வேலை என்னும் வினா சிலர் உள்ளத்தில் எழக்கூடும். நிலத்தைப் பாடிய அளவிற்கு வானத்தையும் பாடிய மொழி தமிழ். மழைக்குறியும் பருவக்குறியும் திருவிழா நாளும் விண்மீன்களைக் கொண்டே வகுக்கப்பட்ட நாடு இது. அவ்வானத்தில் ஒரு புதிய பொருளை, பெருங்கருவி ஏதுமின்றி, கையில் அடங்கும் இருகண்நோக்கி ஒன்றால் கண்டுபிடித்த எளிய மனிதர் சிலரின் வரலாறே இவ்வுரையின் பொருள். மக்கள் வழக்கில் பைனாகுலர் என்று சொல்லப்படும் அக்கருவி பெரிதன்று. அதன் பின்னால் இருந்த பயிற்சி பெரிது. அதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

புகைக்கொடி என்னும் சொல்

வால்மீனுக்குத் தமிழில் பெயர்கள் பல. வால்வெள்ளி என்பது மக்கள் வழக்கு. தூமகேது என்பது வடசொல் வழக்கு. சங்கப் பாடல்களில் தூமம் என்று வருகிறது. இளங்கோவடிகளோ புகைக்கொடி என்கிறார். இப்பெயர்களுள் மிக அழகியது இதுவே. தொலைவானில் அசைவின்றி நிற்கும் ஒரு புகைக்கீற்றைக் கொடியாகக் கண்ட கண் அது.

ஆயினும் இவ்வட்டாரத்தில் அச்சொல் வேறொரு நினைவையும் எழுப்பும். சிவகாசியைச் சூழ்ந்த பட்டாசுத் தொழில் ஊர்களில் அடிவானில் புகை எழுந்தால், வீதியில் நிற்பவர்கள் முதலில் திசையைக் கணக்கிடுகிறார்கள். எந்த ஊர்ப் பக்கம், எந்த ஆலைப் பக்கம், இன்று அங்கே வேலைக்குப் போனவர் யார் யார் என்று மனம் எண்ணத் தொடங்கிவிடுகிறது. வானத்தில் தோன்றும் புகைக்குப் பொருள் தேடி அஞ்சுதல் பழையோரின் மூடநம்பிக்கை என்று இங்கு எவரும் எளிதில் சொல்லிவிட இயலாது. அச்சத்திற்குக் காரணம் உண்டு. அந்த அச்சம் அறிவாக மாற வேண்டும் என்பதே வேண்டுகோள்.

பழந்தமிழ்ப் புலவர்கள் வால்மீனைத் தீக்குறியாகவே குறித்தனர் என்பது உண்மை. எனினும் அவர்கள் எதற்காகக் குறித்தனர் என்பதே உற்று நோக்கத்தக்கது. புறநானூற்றின் 117ஆம் பாடலில் பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், தூமம் தோன்றினாலும் அந்நாட்டில் விளைவு குன்றாது என்கிறார். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையிலோ, புகைக்கொடி தோன்றினாலும் காவிரி பொய்யாது என்பது கருத்து. இரண்டு இடத்திலும் வால்மீன் வருவது தோற்பதற்கே. செங்கோன்மையும் ஆற்றுநீரும் உள்ள நாட்டை அதனால் ஒன்றும் செய்ய இயலாது என்பதே புலவர் துணிபு.

1910ஆம் ஆண்டில் ஹாலி வால்மீன் தோன்றியபோது பாரதியார் 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்னும் பாட்டை எழுதினார். அவ்வாண்டு மே மாதத்தில் பூமி அதன் வாலின் ஊடே செல்லும் என்றும், அவ்வாலில் நச்சுவாயு உண்டென்றும் கேட்டு உலகின் பல நகரங்களில் மக்கள் அஞ்சி நடுங்கினர். பாரதியாரோ அதன் வால் மென்மையான வாயுவால் ஆனது, எவர்க்கும் ஊறு செய்யாதது என்னும் அறிவியற் செய்தியைக் கவிதையிலேயே வைத்து, அடிமைப்பட்ட நாட்டின் எதிர்காலத்தை அதனிடம் வினவினார். அதே ஆண்டில், வங்கத்தின் ஜெசூர் நகரில் ஓர் எளிய கருவூல ஊழியர் சிறிய இருகண்நோக்கி ஒன்றால் அதே வால்மீனை இரவுதோறும் நோக்கிக் குறிப்பெழுதிக் கொண்டிருந்தார். அவரைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

மருந்தும் நிறமும்

வால்மீன் என்பது பனிக்கட்டியும் தூசும் கலந்த ஒரு பிண்டம். அதன் கரு பெரும்பாலும் சில கிலோமீட்டர் அளவே இருக்கும். கதிரவனிடமிருந்து நெடுந்தொலைவில் இருக்கும்வரை அது இருண்டு கிடக்கிறது. நெருங்கி வர வர வெப்பத்தால் பனி ஆவியாகித் தூசையும் உடன் கிளப்புகிறது. அவ்வாவியும் தூசுமே கருவைச் சுற்றித் தலையாகவும், கதிரவனுக்கு எதிர்ப்புறமாக நீளும் வாலாகவும் காட்சி தருகின்றன. மாலையில் மேற்கே காணும் வால்மீன் வாலை மேல்நோக்கி வைத்திருப்பதும், அது கதிரவனை விட்டு விலகும்போது வாலை முன்னே நீட்டிக்கொண்டு செல்வதும் இதனால்தான்.

அதன் பசுமை நிறத்தின் காரணத்தை இவ்வூர் மக்களுக்கு விளக்குதல் எளிது. வானில் வெடித்துச் சிதறும் பேன்சி ரகப் பட்டாசின் நிறம் அதன் மணிமருந்தில் சேர்ந்த உப்பைப் பொறுத்தது. ஸ்டிரான்சியம் சிவப்பைத் தரும், பேரியம் பச்சையைத் தரும், செம்பு நீலத்தைத் தரும், சோடியம் மஞ்சளைத் தரும். உச்சநீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டு ஆணையால் பேரியம் உப்புகளுக்குத் தடை வந்தபோது, பச்சை நிறத்திற்கு மாற்று என்ன என்பது இத்தொழிலின் வாழ்க்கைச் சிக்கலாகவே ஆயிற்று. ஒளியின் நிறத்தைக் கண்டு உள்ளிருக்கும் பொருளைச் சொல்லுதல் இங்கே தொழிலறிவு. வானியலாரும் செய்வது அதுவே. 1868ஆம் ஆண்டில் வில்லியம் ஹக்கின்ஸ் என்னும் ஆங்கிலேயர் ஒரு வால்மீனின் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஆய்வகத்தில் கரிமச் சேர்மம் ஒன்றின் வாயுவில் மின்பொறி பாய்ச்சியபோது கிடைத்த ஒளியோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒத்திருந்தன. வால்மீன் தலையின் பசுமை, கரிம அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்த மூலக்கூறு தரும் ஒளி. கதிரவனை மிக நெருங்கும் வால்மீன்களில் சோடியத்தின் மஞ்சளும் காணப்படும். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் எரியும் மத்தாப்பின் மருந்தை இருந்த இடத்திலிருந்தே அறிந்தனர் எனலாம்.

புதிய வால்மீன் முதன்முதலாகக் கண்ணில் படும்போது இத்தனை அழகும் அதற்கு இராது. நீண்ட வாலும் இராது. மூச்சுக்காற்றுப் பட்ட கண்ணாடியில் தோன்றும் மங்கல்போல் ஒரு சிறு வெண்திட்டாகவே அது தெரியும். வானில் அத்தகைய திட்டுகள் ஏற்கெனவே மிகப் பல உண்டு. அவை தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்களும் வாயுமுகில்களுமாகும். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு வால்மீன் வேட்டையாளர் சார்லஸ் மெஸ்ஸியே, தம்மை ஏமாற்றிய இத்திட்டுகளையெல்லாம் பட்டியலிட்டு வைத்தார். அவர் தேடியது வால்மீன்களை. ஆயினும் இன்று அவர் பெயரை நிலைநிறுத்துவது, வால்மீன் அல்லாதவற்றின் அப்பட்டியலே. எது புதிது என்று அறிய, எது பழையது என்று முற்றும் அறிந்திருக்க வேண்டும். வால்மீன் தேடும் கலையின் சாரம் இந்த ஒரு வரியில் அடங்கும்.

முப்பதாயிரம் விண்மீன்களை மனப்பாடம் செய்த ஆசிரியர்

இதற்கு மிகச் சிறந்த சான்று இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் ஆல்காக். 1912இல் பிறந்த அவர், 1953ஆம் ஆண்டில் வால்மீன் தேடலைத் தொடங்கினார். ஆறு ஆண்டுகள் ஒன்றும் கிட்டவில்லை. 1959 ஆகஸ்டு 25ஆம் நாள் முதல் வால்மீனைக் கண்டார். ஐந்து நாள் கழித்து, ஆகஸ்டு 30இல், இரண்டாவது வால்மீனையும் கண்டார். ஆறாண்டுக் காத்திருப்பின் பயன் ஒரே வாரத்தில் இரட்டையாக வந்தது. 1963இலும் 1965இலும் மேலும் இரண்டு கண்டார்.

இருகண்நோக்கியால் பார்க்கையில் தெரியும் ஏறத்தாழ 30,000 விண்மீன்களின் அமைப்பை அவர் மனத்தில் பதித்து வைத்திருந்தார். தம் தெருவிலுள்ள வீடுகளின் முகப்பை ஒருவர் அறிந்திருப்பதுபோல் வானத்தை அவர் அறிந்திருந்தார். அத்தெருவில் புதிதாக ஒரு விளக்கு எரிந்தால் கண் தானே அங்கு நிற்கும். திடீரென ஒளிர்ந்தெழும் புதுமீன்கள் ஐந்தையும் அவர் கண்டுபிடித்தது இந்நினைவாற்றலின் விளைவே.

1983 மே 3ஆம் நாள், ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று எழுபது வயது கடந்த ஆல்காக், தம் வீட்டு மாடியில், மூடிய கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் மண்டியிட்டவாறே இருகண்நோக்கியால் வானத்தை அலசினார். மங்கலான திட்டு ஒன்று தெரிந்தது. அது தம் மனப்பட்டியலில் இல்லாதது என்று உடனே உணர்ந்தார். அதற்குச் சில மணி நேரம் முன்னர் ஜப்பானில் அராக்கி என்பவரும், ஒரு வாரம் முன்னர் ஐராஸ் என்னும் விண்வெளிக்கலமும் அதே பொருளைக் கண்டிருந்தன. ஆகவே அவ்வால்மீன் ஐராஸ்-அராக்கி-ஆல்காக் என்னும் முப்பெயர் பெற்றது. மே 11இல் அது பூமிக்கு ஏறத்தாழ 47 லட்சம் கிலோமீட்டர் அருகில் கடந்து சென்றது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எந்த வால்மீனும் அத்துணை அருகில் வந்ததாக அன்றுவரை அறியப்படவில்லை. பல நாடுகள் கூடிச் செலுத்திய விண்கலத்தின் பெயரும், சன்னலோரம் மண்டியிட்ட ஓர் ஆசிரியரின் பெயரும் ஒரே வரியில் அமர்ந்தன.

பிளாக் தொழிலாளியின் வால்மீன்

அடுத்த சான்று அச்சுத் தொழிலுக்குப் பேர்போன சிவகாசி வட்டாரத்திற்கு மேலும் நெருக்கமானது. ஜப்பானியரான யூஜி ஹியாகுடாகே, படங்களை அச்சுக்கு ஆயத்தம் செய்யும் பிளாக் தொழிலைச் செய்தவர். 1965ஆம் ஆண்டில், பள்ளி மாணவராக இருந்தபோது, இக்கேயா-செக்கி என்னும் பேரொளி வால்மீன் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. பகலிலும் தெரிந்த அவ்வால்மீனைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானிய அமெச்சூர்கள் இருவர். அவர்களுள் இக்கேயா ஒரு பியானோத் தொழிற்சாலைத் தொழிலாளி. தொழிலாளி ஒருவர் வானில் தம் பெயரை எழுத முடியும் என்பதை அச்சிறுவன் அன்று அறிந்தான்.

1989இல் ஹியாகுடாகே தேடலைத் தொடங்கினார். நகர விளக்குகள் வானத்தை வெளுக்கச் செய்தமையால், இருண்ட வானம் நாடித் தென்ஜப்பானின் ககோஷிமா பகுதிக்குக் குடிபெயர்ந்தார். அவர் கருவி 25 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் இருகண்நோக்கி. அதன் முகப்பு வில்லைகள் ஒவ்வொன்றும் 150 மில்லிமீட்டர் அகலமுடையவை. கழுத்தில் தொங்கவிட முடியாத எடை கொண்டதால் தாங்கியில் நிறுத்தியே அதனைப் பயன்படுத்த வேண்டும்.

1995 டிசம்பர் 26இல் அவர் தம் முதல் வால்மீனைக் கண்டார். அது பெரும்புகழ் பெறவில்லை. ஐந்து வாரம் கழித்து, 1996 ஜனவரி 30இல், அவ்வால்மீன் முன்பு இருந்த வானப்பகுதியை மீண்டும் நோக்கினார். அங்கே மற்றொரு திட்டு இருந்தது. பழைய வால்மீன் அங்கிருந்து நகர்ந்துவிட்டதை அவர் அறிந்திருந்தார். எனவே இது வேறொன்றாதல் வேண்டும். ஒருமுறை வெற்றி கிட்டிய இடத்தில் இனி என்ன இருக்கும் என்று வேறு திசை நோக்கியிருந்தால், அப்பெருமை பிறருக்குப் போயிருக்கும்.

அவ்வால்மீன் 1996 மார்ச் 25இல் பூமிக்கு ஏறத்தாழ 1.5 கோடி கிலோமீட்டர் அருகில் வந்தது. நீலப்பச்சைத் தலையும் வானத்தின் பெரும்பகுதியைத் தொட்ட வாலுமாக, இருண்ட ஊர்களில் வெறுங்கண்ணுக்கே காட்சியளித்தது. வால்மீன்களிலிருந்து எக்ஸ் கதிர் வெளிப்படும் என்பது முதன்முதலாக அதனிடமே அறியப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் யுலிசீஸ் விண்கலம் தற்செயலாக அதன் வாலைக் கடந்து சென்றது. பதிவுகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் அதனை அறிந்தபோது, அவ்வால் 50 கோடி கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருந்தது புலனாயிற்று. ஹியாகுடாகே 2002ஆம் ஆண்டு ஏப்ரலில், 51ஆம் வயதில் மறைந்தார்.

இவர்கள் இருவரும் தொலைநோக்கியை விடுத்து இருகண்நோக்கியை நாடியதற்குக் காரணம் உண்டு. பெரிய தொலைநோக்கி வானின் மிகச் சிறு துண்டையே ஒரு நேரத்தில் காட்டும். கடைகளில் கிடைக்கும் 7 மடங்கு, 50 மில்லிமீட்டர் அளவுள்ள சாதாரண இருகண்நோக்கியோ, முழுநிலவுகள் பன்னிரண்டு பதினான்கை வரிசையாக வைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு வானத்தை ஒரே பார்வையில் காட்டும். இருளில் விரிந்த கண்மணி ஏற்கும் ஒளியைப்போல் ஏறத்தாழ ஐம்பது மடங்கு ஒளியைத் திரட்டித் தரும். மங்கலான அகன்ற பொருளைத் தேடுவதற்கு இவ்விரண்டுமே வேண்டுவன.

சென்னையில் இரண்டு விடியற்காலைகள்

காண்பது வேறு, கண்டுபிடித்தது என்று நிலைநாட்டுவது வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்தும் நிகழ்ச்சி தமிழகத்திலேயே நடந்தது.

பியலா என்னும் வால்மீன் 1846இல் வானியலார் கண்முன்னேயே இரண்டாகப் பிளந்தது. 1852இல் இரு துண்டுகளும் மீண்டும் வந்தன. பின்னர்க் காணாமற் போயின. 1872 நவம்பர் 27ஆம் நாள் இரவு, அவ்வால்மீனின் பாதையைப் பூமி கடந்தபோது எரிமீன்கள் மழையாகப் பொழிந்தன. வால்மீனே பூமியை உரசிச் சென்றிருக்கும் என்று கருதினார் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர வானியலார் கிளிங்கர்ஃபியூஸ். உரசிச் சென்றிருந்தால் அது இப்போது தென்வானில் சென்டாரஸ் குழுவின் பக்கம் இருக்க வேண்டும். கோட்டிங்கனில் அப்பகுதி அடிவானத்தை விட்டு மேலெழுவதே அரிது. ஆகவே நவம்பர் 30இல் அவர் சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த நார்மன் போக்சனுக்குத் தந்தி அனுப்பினார். பியலா பூமியைத் தொட்டது, சென்டாரசின் தீட்டா மீனருகே தேடுக என்பதே அச்செய்தியின் சாரம்.

சென்னையில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம் விலகக் காத்திருந்த போக்சன், டிசம்பர் தொடக்கத்தில் விடியலுக்கு முன் குறித்த இடத்தின் அருகே ஒரு வால்மீனைக் கண்டார். மறுநாள் விடியற்காலையிலும் கண்டார். இரண்டு நாளும் அதன் இடத்தை அளந்து குறித்தார். அதன்பின் வானம் மூடிக்கொண்டது. மேகம் விலகியபோது வால்மீன் இல்லை.

வால்மீன் ஒன்றின் பாதையைக் கணக்கிடக் குறைந்தது மூன்று வேளைகளில் அதன் இடத்தை அளந்திருக்க வேண்டும். போக்சனிடம் இருந்தவை இரண்டு. எனவே அது பியலாவின் துண்டா, முற்றிலும் வேறொரு வால்மீனா என்பது முடிவாகத் தெளியவில்லை. பியலா அன்று அவ்விடத்தில் இருந்திருக்க இயலாது என்பதே பின்னாளில் ஆராய்ந்தோரின் கருத்து. மேகமற்ற மூன்றாவது விடியற்காலை ஒன்று வாய்த்திருந்தால் அவ்வையம் எழுந்திராது.

கண்ணும் கருவியும் போதா. நாள், நேரம், இடம் ஆகிய மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். மறுநாளும் அது நகர்ந்திருப்பதைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பின்னர் உலகிற்கு அறிவிக்க வேண்டும். அவ்வறிவிப்புகளைப் பெற்றுச் சரிபார்ப்பதற்கென்றே அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரில் வானியல் தந்திகளுக்கான மைய அலுவலகம் இயங்கி வந்தது. தந்தி மறைந்து மின்னஞ்சல் வந்த பின்னும் அதன் பெயரில் தந்தி நின்றுகொண்டிருக்கிறது.

ஜெசூரிலிருந்து காவலூர் வரை

இனி, முன்னர்க் குறித்த கருவூல ஊழியரிடம் வருவோம். இராதாகோவிந்த சந்திரர் 1878இல் பிறந்தவர். பள்ளி இறுதித் தேர்வில் மூன்று முறை தோற்றவர். 1910இல் இருகண்நோக்கியால் ஹாலி வால்மீனைக் கண்டு குறிப்பெழுதிய அவர், 1912இல் தம் சிறு ஊதியத்தில் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். 1918 ஜூன் மாதத்தில் கருடன் விண்மீன் குழுவில் திடீரென ஒளிர்ந்த புதுமீனை உலகில் முதலில் கண்ட சிலருள் அவரும் ஒருவர். வானில் அங்கே அத்தகைய மீன் இருந்ததில்லை என்று அறிந்திருந்ததே அவர் தகுதி.

அக்கட்டுரையும் குறிப்பும் அமெரிக்காவின் ஒளிமாறும் விண்மீன் நோக்கர் சங்கத்தை எட்டின. அச்சங்கத்திற்கு அவர் காலப்போக்கில் 37,000க்கு மேற்பட்ட நோக்கல்களை எழுதி அனுப்பினார். அவர் உழைப்பைக் கண்டு 1926இல் அச்சங்கம் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை ஜெசூருக்கே அனுப்பிவைத்தது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் மேற்கு வங்கத்துப் பராசத்தில் குடியேறிய அவர், முதுமையில் அக்கருவியைத் திருப்பியளித்தார். அது வைனு பாப்பு வழியாகத் தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூருக்கு வந்து சேர்ந்தது.

அக்கருவி சேர்ந்த கையும் தகுதியுடைய கையே. 1927இல் சென்னையில் பிறந்த வைனு பாப்பு, ஹார்வார்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 1949 ஜூலை 2இல் ஒளிப்படத் தகட்டில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். பாப்பு-போக்-நியூகர்க் என்று அது வழங்கப்படுகிறது. காவலூர் வானாய்வகத்தை நிறுவியவரும் அவரே. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தேர்வில் தோற்ற ஊழியரின் கருவியும் ஹார்வார்டில் பயின்ற அறிஞரின் கருவியும் ஒரே மலையில் வந்து கூடின. அக்கூடலில் ஏற்றத்தாழ்வு ஏதும் இல்லை.

ஒன்பதரைப் பாகை வானம்

இவ்வரலாறுகளால் எம். புதுப்பட்டிக்கு என்ன பயன்? இவ்வூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதரைப் பாகையில் உள்ளது. ஆகவே துருவமீன் வடக்கு அடிவானத்திற்கு மேல் ஒன்பதரைப் பாகை உயரத்தில்தான் நிற்கும். அதனால் வரும் பேறு பெரிது. வடக்கே பெருங்கரடியும் தெற்கே தென்சிலுவையும் இங்கிருந்து தெரியும். ஓராண்டுக் காலத்தில் வானத்தின் மிகப் பெரும்பகுதி இவ்வூரின் மேல் கடந்து செல்கிறது. முப்பதாயிரம் விண்மீன்களை அறிந்த ஆல்காக் பீட்டர்பரோவிலிருந்து தென்சிலுவையைக் கண்டிருக்க இயலாது. இங்கே ஆடு மேய்த்து வயலில் கிடைபோடும் கீதாரிக்கு அது வைகாசி மாதத்து முன்னிரவுக் காட்சி. இப்பகுதியில் கதிரவன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால் அந்திவெளிச்சம் விரைவில் மறைகிறது. கதிரவனுக்கு அருகில் தோன்றும் வால்மீனைத் தேடுவோர்க்கு இது வாய்ப்பு. மழை குறைந்த இவ்வறண்ட காற்றே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுக்கும் இடமளித்தது. அதே வறட்சி வானத்தையும் தெளிவாக வைத்திருக்கிறது.

இன்று பெரும்பாலான வால்மீன்களை எந்திரங்களே கண்டுபிடிக்கின்றன என்பதையும் மறைக்கலாகாது. 1990களின் இறுதி முதல் தானியங்கித் தொலைநோக்கிகள் இரவுதோறும் வானத்தைப் படமெடுத்துக் கணிப்பொறியால் ஒப்பிடுகின்றன. சிலி நாட்டின் வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூன் மாதத்தில் தன் முதற்படங்களை வெளியிட்டது. கண்ணால் மட்டுமே பார்த்து வால்மீன் காண்பது மிக அரிதாகிவிட்டது. எனினும் அந்திக்கும் விடியலுக்கும் அருகிலுள்ள வானத்தை எந்திரங்கள் முழுமையாக அளக்கவில்லை. 2023 ஆகஸ்டு 12இல் ஜப்பானிய அமெச்சூர் ஹிதேயோ நிஷிமுரா, விடியற்கால வானில் சாதாரணக் கேமராவால் எடுத்த படங்களில் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். வாயில் குறுகியிருக்கிறது, மூடப்படவில்லை.

புதிய வால்மீன் கிட்டாமலே போகலாம். ஆல்காக் ஆறாண்டு வெறுங்கையோடு இருந்தார். அவ்வாண்டுகளில் அவர் இழந்தது ஒன்றுமில்லை. வானம் முழுவதும் அவர் மனத்தில் குடியேறியது. இவ்வூர்ச் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் வேண்டப்படுவது அச்செல்வமே. ஆண்டில் ஓரிரவு வானத்தை நோக்கி வெடிக்கும் பொருளைச் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊர், மற்ற இரவுகளில் அதே வானத்தை வாசிக்கவும் அறிந்திருத்தல் வேண்டும். பள்ளிக்கு ஓர் இருகண்நோக்கி, ஒரு விண்மீன் படம், ஒரு குறிப்பேடு ஆகிய மூன்றும் தொடக்கத்திற்குப் போதும். அம்மூன்றில் குறிப்பேடே முதன்மையானது.

குறிப்பெழுதுதல் தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார் ஓர் எரிமீன் விழுந்ததைப் பாடுகிறார். பங்குனி மாதம் என்கிறார். நள்ளிருள் என்கிறார். உரையாசிரியர் விளக்கத்தின்படி, உத்திரம் உச்சியிலிருந்து சாய, அதற்கு எதிரே மூலம் எழ, மிருகசீரிடம் மேற்கே தாழ்ந்த நேரத்தைக் குறிக்கிறார். விழுந்த மீன் கிழக்கும் செல்லாமல் வடக்கும் செல்லாமல் வீழ்ந்தது என்று திசையையும் சொல்கிறார். காலமும் நேரமும் திசையும் பிழையின்றி அமைந்த நோக்கற்குறிப்பு அது. ஏழாம் நாளில் அரசன் இறந்தான் என்பது அவர் காலத்து நம்பிக்கையோடு இணைந்த செய்தி. இன்று அந்நம்பிக்கை வேண்டுவதில்லை. அக்குறிப்பு மட்டும் வேண்டும். இரண்டையும் பிரித்தறியக் கற்பதே கல்வி.

பத்தாண்டுக் காலம் சொற்களைப் போற்றிய இவ்விலக்கிய வட்டம், அடுத்த பத்தாண்டில் இவ்வூரின் வானத்தையும் எழுத்தில் பதிவுசெய்யும் பணியை ஏற்கட்டும். மூத்தோர் வாயில் எஞ்சியிருக்கும் விண்மீன் பெயர்கள், நேரம் சொல்லும் மீன்கள், அவர்கள் கண்ட வால்வெள்ளிகளின் நினைவுகள் யாவும் எழுதப்படட்டும். போக்சனுக்கு வாய்க்காத மூன்றாவது விடியற்காலை என்றேனும் இவ்வூர்க் குழந்தை ஒருத்திக்கு வாய்க்கலாம். அன்று அவள் கையில் எழுதுகோலும் இருக்க வேண்டும்.